ஓடைத்திட்டுச் சாமியாரும் அவரைத் துரத்திய நாங்களும்

செங்கோல் சாமி இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவன் தனிஸ்லாஸ். நேரில் சொல்லவில்லை. மரியநல்லூர்ப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். நான் சிதம்பரத்தில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே என் கடையில் உட்கார்ந்து ஒரு தானப் பத்திரத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தேன். போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் சாமியாரின் பழைய படம், சுற்றிலும் ரோஜாப்பூ, அதன் கீழே 'எங்கள் மண்ணில் விசுவாச வித்தை ஊன்றிய மாபெரும் மறைபரப்பாளர்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். யார் யார் கும்பிட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். அவரை எங்கள் ஊரைவிட்டுக் கிளப்பக் கையெழுத்துப் போட்டவர்களில் இன்று உயிரோடு இருக்கிற அத்தனை பேரும் இருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். பத்திரம் எழுதுகிற சின்னப்பனுக்குத் தமிழ் நன்றாக வரும் என்று என்னிடம் கட்டுரை கேட்டார்கள். எழுதுகிறேன். மலரில் இதைப் போடமாட்டார்கள் என்று தெரியும். அவரை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன். அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற உங்களுக்காகவும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மரியநல்லூருக்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்தார். கம்மாபுரம் பக்கத்து உழவுக் குடும்பம். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாக, கறுப்பாக இருப்பார். பாட வராது. பிரசங்கம் அதைவிட மோசம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டார் என்பதால் மட்டும் எங்களுக்குப் பிடித்திருந்தது. வந்த முதல் மாதம் ஒருநாள் ஆற்றங்கரையில் நின்று கிழக்கே கை காட்டி என்னிடம் கேட்டார், "அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல சாமி. இருளருங்கதான்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்றுகொண்டு, "அந்தப் பக்கம் யாரும் இல்ல, இருளருங்கதான்னு ஒருத்தர் சொன்னாரு. அந்த யாரும் இல்லாதவங்ககிட்ட போறேன். வாரத்துல நாலு நாள் அங்கதான் இருப்பேன். சாவு, கல்யாணம்னா ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கிவிட்டார். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோயிலில் இருந்த யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஓடைத்திட்டு என்பது உப்பங்கழிக்கும் சுரபுன்னைக் காட்டுக்கும் நடுவே ஒரு மேடு. இருபது குடிசை. தண்ணீருக்குள் இறங்கிக் கையாலேயே நண்டும் இறாலும் தடவிப் பிடித்து விற்றுப் பிழைக்கிறவர்கள். ரேஷன் கார்டு கிடையாது, பட்டா கிடையாது, அவர்கள் இருளர் என்று சொல்ல ஒரு காகிதம் கிடையாது. அதுவரை எந்தச் சாமியாரும் அங்கே கால் வைத்ததில்லை. செங்கோல் சாமி தோணி பிடித்துப் போய் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டுக்கொண்டார்.

முதல் வருஷம் அவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இதுவும் ஒரு பொய் மலராகிவிடும். அந்த வருஷம் அவரும் எங்களில் ஒருவராகத்தான் இருந்தார். அரிசி கொடுத்தார், போர்வை கொடுத்தார், செபம் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் பதினான்கு பேரைக் கழியில் இறக்கி ஞானஸ்நானம் கொடுத்தார். அதற்கு முன்னால், அவர்கள் வேப்பமரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவந்த கன்னிமார் கல் ஏழையும் தன் கையாலேயே தூக்கி அதே கழியில் போட்டார். கல் விழும்போது யாரோ எடுத்த படம் எங்கள் கோயில் முகப்பில் ஒட்டப்பட்டது. நாங்கள் கை தட்டினோம். தனிஸ்லாஸ் சர்க்கரைப் பொங்கல் வைத்தான். நாங்கள் அவரை மனதார மெச்சிய ஒரே நாள் அது. அவர் செய்ததிலேயே இழிவான காரியத்தைத் தேடிப் பிடித்து மெச்சியிருக்கிறோம்.

திட்டில் பூங்காவனம் என்று ஒரு பெண். புருஷன் செத்து, சுமதி என்ற சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு பிழைத்தவள். அங்கே நாலு பேர் முன்னால் நின்று பேசக்கூடியவளும் அவள்தான். ஞானஸ்நானம் முடிந்த ஒரு வாரத்தில் கொட்டகை வாசலில் வந்து நின்று கேட்டாளாம்: "அவுங்களயும் தண்ணியில போட்டீங்க, எங்களயும் தண்ணியில முக்குனீங்க. இப்ப எங்கள யாரு சாமி பாத்துக்கறது?"

இதைப் பிற்பாடு சாமியாரே என்னிடம் சொன்னார். "எனக்குப் பதில் தெரியல சின்னப்பா. செமினரியில இந்தக் கேள்விய யாரும் கேக்கல. 'சபை பாத்துக்கும்'னு சொல்லிட்டேன்."

சபை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஈஸ்டருக்குப் பதினான்கு பேரையும் மரியநல்லூர்க் கோயிலுக்கு அழைத்து வந்தார். துவைத்த துணி உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார்கள். நடுப்பாயில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போனார்கள். பாய் காலியானது. கடைசியில் தனிஸ்லாஸ் வந்து குனிந்து, பூங்காவனத்திடம் மெதுவாக, "கவுச்சி நாத்தம் வருது. செருப்பு விடற எடத்துல ஒக்காருங்க, அங்கயும் பூசை கேக்கும்" என்றான். பங்குப் பேரவையின் துணைத்தலைவன் அவன். இரண்டு இறால் குட்டைக்குச் சொந்தக்காரன். அவர்கள் எழுந்து போனார்கள். நான் என் இடத்தில் முட்டி போட்டபடி இருந்தேன்.

சாமியார் பீடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பூசையை நிறுத்தவில்லை. நற்கருணை கொடுக்கும்போது மட்டும் எங்கள் வரிசையைக் கடந்து நேராகச் செருப்பு விடும் இடத்துக்குப் போய், அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். பூசை முடிந்து வாசலில் நின்றவர் பொதுவாகச் சொன்னார்: "எறால் விக்கிறவருக்கு நண்டு நாறுதாம்." தனிஸ்லாஸ் சிரித்து மழுப்பினான். அவனோடு சேர்ந்து நாங்களும் சிரித்தோம்.

அடுத்த நாளே சாமியார் கழிக்குள் இறங்கினார். நெஞ்சளவு தண்ணீர், முட்டியளவு சேறு. தான் போட்ட கற்களைத் தேடினார். ஒரு பகல் முழுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனம் கடைசியில் தானும் இறங்கினாள். "கையால தேடாதீங்க. காலால தேடுங்க. கட்டவிரலுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தாள். மற்றவர்களும் இறங்கினார்கள். இரண்டு நாளில் நான்கு கல் கிடைத்தது. மீதி மூன்றுக்குப் புதுக்கல் வாங்கித் தருகிறேன் என்றாராம். பூங்காவனம் வேண்டாம் என்றுவிட்டாள். "அவுங்க மூணு பேரும் உள்ளயே இருக்கட்டும். நாங்க எறங்குற தண்ணிதான, பாத்துக்குவாங்க."

நான்கு கல்லும் வேப்பமரத்தடிக்குத் திரும்பின. அதற்கு ஒரு பத்தடி தள்ளித்தான் அன்றுமுதல் அவர் பூசை வைத்தார். ஞானஸ்நானம் கேட்டு வந்தால், "மூணு தடவ கேளு, ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ஒரு மழைக்காலம் போவட்டும்" என்பார். மரியநல்லூரில் அவரைக் கேள்வி கேட்டார்கள். "கும்புடறதுக்கு அவுங்களுக்கு ஆள் இருக்கு. சர்டிபிகேட்டுதான் இல்ல" என்றார்.

சர்டிபிகேட்டுக்காகத்தான் என்னிடம் வர ஆரம்பித்தார். இருளர் என்று சாதிச் சான்று வாங்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனு எழுத வேண்டும். நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். எத்தனை எழுதினேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. வாசித்துப் பார்த்துவிட்டு, "சுருக்கமா இருக்கு. நல்லது" என்பார். என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அவருக்கு எங்கள் யாரையும் பிடிக்காது. அதை மறைக்கும் பழக்கமும் அவரிடம் இல்லை.

சுமதி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் படிக்க நின்றபோது ஓர் அதிகாரியிடம் போனோம். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். நானும் மனுவைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருந்தேன். அதிகாரி சுமதியை மேலும் கீழும் பார்த்தார். இரட்டை ஜடை, இஸ்திரி போட்ட சீருடை.

"இதப் பாத்தா இருளப் பொண்ணு மாதிரியே இல்லையே. இருளருன்னா பாம்பு புடிக்கணும். புடிச்சுக் காட்டச் சொல்லுங்க, குடுக்கறேன்."

அறையில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சுமதி தரையைப் பார்த்தாள். சாமியார் அதிகாரிக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க ஆபீசருன்னு நான் எப்படி சார் நம்பறது?"

"என்னது?"

"ஆபீசருன்னா கையெழுத்து போடுவாங்க. எங்க, ஒன்னு போட்டுக் காட்டுங்க" என்று விண்ணப்பத்தை அவர் பக்கம் தள்ளினார்.

எங்களை வெளியே தள்ளினார்கள். மறுநாளிலிருந்து ஓடைத்திட்டு முழுவதும் அந்த அலுவலக வராந்தாவில் வந்து உட்கார்ந்தது. கத்தவில்லை, கோஷம் போடவில்லை. காலையில் வந்து உட்காருவார்கள், மாலையில் எழுந்து போவார்கள். வேலைக்குப் போகாததால் திட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. மரியநல்லூரில் உள்ள நம் வீடுகளில் சமையல் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பானை சோறு அனுப்புவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு ஆள் வந்தது. அதற்கடுத்த மாதம் சுமதியின் சான்று வந்தது. அந்தத் திட்டுக்கு வந்த முதல் காகிதம். சுமதி இன்று ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். உங்களில் சிலருக்கு அவள் ஊசி போட்டிருக்கிறாள். அப்போது யாருக்கும் கவுச்சி நாற்றம் வரவில்லை.

அதன் பிறகுதான் குட்டைத் தகராறு. தனிஸ்லாஸ் மூன்றாவது குட்டை வெட்டினான். அதற்காகத் திட்டு ஆட்கள் நண்டு பிடிக்கிற ஓடையின் வாயை அடைத்துக் கரை போட்டான். சாமியார் அவன் வீட்டுக்கு இரண்டு தடவை நடந்தார். "பட்டா நெலம் சாமி, எங்க வேணா போங்க" என்றான். மூன்றாவது தடவை அவர் அவன் வீட்டுக்குப் போகவில்லை. திட்டு ஆட்களோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பட்டப்பகலில் கரையை வெட்டிவிட்டார்.

அன்று மாலை தனிஸ்லாஸ் என் கடைக்கு வந்தான். அவன் என் தங்கை புருஷன். "மச்சான், மேலிடத்துக்கு ஒரு மனு எழுதணும். ஊரே கையெழுத்துப் போடும். உன் தமிழ்தான் வேணும்" என்றான்.

அவன் என்னை மிரட்டவில்லை. எனக்குச் சாமியார் மேல் கோபமும் இல்லை. வேறு வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவன் வேறு ஆளைப் பார்த்திருப்பான். கேட்டான், எழுதினேன். கல்லைக் கும்பிடுகிறவர்களுக்குத் துணை போகிறார் என்று ஒரு பத்தி. மறைபரப்புப் பணியைக் கைவிட்டுவிட்டார் என்று ஒரு பத்தி. மூன்றாவதாகத் தனிஸ்லாஸ் சொன்னது, அவர் பூங்காவனம் வீட்டில் சாப்பிடுகிறார் என்பது. அது உண்மைதான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 'விதவைப் பெண்ணொருத்தியின் குடிசையில் அடிக்கடி உணவருந்துகிறார்' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. 'அடிக்கடி தங்கி உணவருந்துகிறார்' என்று திருத்தினேன். அந்த ஒரு சொல்லைத் தனிஸ்லாஸ் கேட்கவில்லை. நானாகப் போட்டது. தொழில் சுத்தம்.

உங்களில் பலர் அதை வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டீர்கள். சிலர் வாசித்துவிட்டுப் போட்டீர்கள். எழுதியவனைவிட நீங்கள் ஒரு படி மேல் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

விசாரிக்க மேலிடத்திலிருந்து இரண்டு மூத்த சாமியார்கள் வந்தார்கள். திட்டில் எல்லார் முன்னாலும் பூங்காவனத்தை நிறுத்திக் கேட்டார்கள். "ஆமா, சோறு போட்டேன்" என்றாள். "நீங்களும் வெயில்ல வந்திருக்கீங்க. ஒக்காருங்க, போடறேன்." அவர்கள் உட்காரவில்லை. குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் ஊர்ச் சமாதானத்துக்காகச் சாமியாரைக் கடலூரில் ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்ள மாற்றினார்கள். எங்களுக்கு வேண்டிய சமாதானம் கிடைத்தது. நர்சிங் படித்துக்கொண்டிருந்த சுமதியிடம் அவள் கூடப் படித்தவர்கள் என்ன கேட்டார்கள், அவள் எத்தனை நாள் வகுப்புக்குப் போகாமல் கிடந்தாள் என்பதெல்லாம் எங்கள் காதுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சமாதானம் கெட்டிருக்காது.

போகும் நாளில் அவர் என் கடைக்கு வந்தார். கையில் அந்த மனுவின் நகல். எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என் முன்னாலேயே வாசித்தார். பத்திரத்துக்கு வந்திருந்த ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது.

"சின்னப்பா, எனக்கு எவ்வளவோ மனு எழுதிக் குடுத்திருக்க. ஒன்னுலயும் வேண்டாத சொல் இருக்காது. இதுல ஒரு சொல் ஜாஸ்தி."

எந்தச் சொல் என்று அவர் சொல்லவில்லை. மனுவை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். வழியனுப்ப மரியநல்லூரிலிருந்து ஓர் ஆளும் வரவில்லை. திட்டிலிருந்து வந்தவர்களைக் கண்டக்டர் ஈரத்துணியோடு ஏறக்கூடாது என்று இறக்கிவிட்டானாம்.

பிறகு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். தனிஸ்லாஸ் கரையைத் திரும்பக் கட்டினான். இரண்டாவது வருஷம் இறாலுக்கு நோய் வந்து மூன்று குட்டையும் செத்தது. கரையை அவன் பார்க்காமல் விட்டான், ஒரு மழையில் அது தானாக உடைந்தது. ஓடை பழையபடி ஓடுகிறது. அவன் இப்போது குறிஞ்சிப்பாடி ரோட்டில் மனைப்பிரிவு போட்டு விற்கிறான். சாமியார் இல்லாமலேயே திட்டு ஆட்கள் ஒவ்வொரு வீடாகச் சான்று வாங்கினார்கள். எப்படி உட்கார வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கடலூரில் ஓய்வுபெற்ற குருக்கள் தங்கும் இல்லத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். கண் பாதி போய்விட்டிருந்தது.

"யாரு?"

"மரியநல்லூர் சின்னப்பன் சாமி."

"பத்திரம் எழுதற சின்னப்பனா, மனு எழுதற சின்னப்பனா?"

"ரெண்டும் நான்தான் சாமி. அந்தத் 'தங்கி'ங்கற சொல்ல நான்தான் போட்டேன். மன்னிக்கணும்."

"பூங்காவனத்துகிட்ட சொன்னியா?" என்றார்.

"இல்ல சாமி."

"பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆத்தத் தாண்டினா அவ வீடு. அத விட்டுட்டு இவ்வளவு தூரம் ஏன் வந்த? கடலூர் பஸ்ஸு சுலபமா கெடைக்குதா?"

டீ கொடுக்கச் சொன்னார். குடித்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அங்கிருந்து திரும்பியும் நான் ஆற்றைத் தாண்டவில்லை. இன்னும் இரண்டு வருஷம் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் கடலூரில் நடந்தது. நாமெல்லாம் இரண்டு வேன் வைத்துப் போனோம். தனிஸ்லாஸ் மைக்கைப் பிடித்து, இருளில் இருந்த மக்களுக்கு ஒளி கொண்டுபோனவர் என்று பேசினான். அதைப் பேசும்போது அவன் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்று நினைக்கிறேன். அதுதான் அருவருப்பாக இருந்தது. திட்டு ஆட்கள் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். உள்ளே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அவர்களை யாரும் கூப்பிடவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

நான் எழுந்து வெளியே போனேன். பூங்காவனத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் சுமதி. இருவரிடமும் சொன்னேன். எழுதியது நான், சேர்த்த சொல் இன்னது என்று.

"தெரியும்" என்றாள் பூங்காவனம். "ஊர்ல அந்த மாதிரி தமிழ் வேற யாருக்கு வரும்?"

சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தலைப் பார்த்தாள். அவளிடமிருந்து எனக்கு ஒரு சொல்லும் வராது. அது நியாயம்தான்.

நான் நகர்ந்தபோது பூங்காவனம் கூப்பிட்டாள். "மூணு வீடு பாக்கி இருக்கு. காட்டுமன்னார்கோயில் பக்கத்துலேருந்து வந்து ஒண்டினவங்க. அவுங்களுக்கு இன்னும் காயிதம் வரல. எழுதிக் குடு."

"எழுதறேன்."

"எழுதிக் குடுத்துட்டு ஓடிடக்கூடாது. வந்து எங்ககூட ஒக்காரணும்."

செங்கோல் சாமியிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், மன்னிப்பு இல்லை. ஆசீர்வாதமும் இல்லை. அவர் என்னை எந்த இடத்தில் வைத்திருந்தாரோ அந்த இடம்தான் எனக்குச் சரி என்ற தெளிவு கிடைத்திருக்கிறது. கூடவே மூன்று வீட்டு மனு. மனுக்களை எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அலுவலக வராந்தாவில் உட்காருகிறோம். உங்கள் நினைவு மலர் வெளியீடும் அதே நேரத்தில்தான் என்று அழைப்பிதழில் பார்த்தேன். என் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.